மேடை உடையும் இளம் உடையமைப்பாளரும்

நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்? நடித்தவர் திறமையைப் பேசுகிறோம், பாட்டைப் பேசுகிறோம், கதை முடிந்த விதத்தைக் குறித்து வாதிடுகிறோம். உடையைப் பற்றி மட்டும், "வேஷம் நன்றாயிருந்தது" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். அரசன் தலையிலிருந்து கிரீடம் நழுவினாலோ, ஆடும் பெண்ணின் காலில் ஆடை சிக்கினாலோதான் உடை என்று ஒன்று உண்டென்பதே நமக்கு நினைவு வருகிறது. நன்றாக அமைந்த உடை கண்ணுக்குத் தனியாகத் தென்படுவதில்லை. அது பாத்திரத்தோடு கலந்துவிடுகிறது. ஆதலால் அதை அமைத்தவரும் கண்ணில் படாமலே போகிறார்.

கொல்கத்தாவில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இவ்வூரின் கோடை வழக்கம் நன்கு தெரிந்ததே. வங்காளிகளின் பைசாக மாதம் 25-ஆம் நாள் ரவீந்திரநாத தாகூரின் பிறந்தநாள். மே மாதத் தொடக்கத்தில் வரும் அந்நாளையொட்டித் தெருவுக்குத் தெரு பாட்டும் நாட்டிய நாடகமும் நிகழ்கின்றன. பள்ளிகள் விடுமுறை விட்டதும் நாடகக் குழுக்களும் நடனப் பள்ளிகளும் குழந்தைகளுக்கான கோடைக் கலை முகாம்களை நடத்துகின்றன. லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ்க் குழந்தைகளும் இவற்றில் சேர்ந்து வங்கமொழிப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். இம்முகாம்களில் நடனம் கற்பிப்பவர், பாட்டுக் கற்பிப்பவர் ஆகியோருடன் மற்றொருவரையும் காணலாம். கல்லூரிப் படிப்பை முடித்தோ முடிக்காமலோ இருக்கும் இளம் வயதினர் அவர். கழுத்தில் அளவு நாடா, கையில் ஒரு குறிப்பேடு. அவரே உடையமைப்பாளர். நம்மவர் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ அப்பணியை ஏற்க விரும்பினால், "தையல் வேலைக்கா இத்தனை படிப்பு?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் பழைய நூல்கள் சொல்வதைப் பார்ப்போம். பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் அபிநயத்தை நான்காக வகுக்கிறது. உடல் அசைவால் உணர்த்துவது ஆங்கிகம். சொல்லால் உணர்த்துவது வாசிகம். உள்ளத்து மெய்ப்பாட்டால் உணர்த்துவது சாத்விகம். உடை, அணி, ஒப்பனை முதலியவற்றால் உணர்த்துவது ஆஹார்யம். உடை இங்கே அலங்காரம் என்ற அளவில் நிற்கவில்லை. பொருளை உணர்த்தும் நான்கு வழிகளுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. அந்நூல் மிக நடைமுறையான ஓர் அறிவுரையையும் கூறுகிறது. மேடை அணிகள் கனமாக இருத்தலாகாது. கனத்த அணி ஆடுபவரைக் களைப்படையச் செய்யும். ஆகவே அரக்கு, மூங்கில், தோல் போன்ற இலேசான பொருள்களால் அவற்றைச் செய்ய வேண்டும் என்கிறது. மேடையில் வேண்டுவது பொன் அன்று, பொன்னின் தோற்றமே என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

தமிழ் மரபும் இதற்குப் பின்தங்கியதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, மாதவி அணிந்த அணிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. அக்காதையில் வரும் பதினோர் ஆடல்களும் அந்தந்தத் தெய்வத்துக்குரிய கோலத்தோடே ஆடப்பட்டன. வட தமிழ்நாட்டின் கூத்துக்கு, நடிகர் அணியும் மரத்தாலான அணிகளைக் கொண்டே கட்டைக்கூத்து என்ற பெயர் வழங்குகிறது. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் இலேசான மரத்தில் செதுக்கப்பட்டு, வண்ணம் பூசிக் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டவை. அவற்றைக் கட்டிக்கொண்டால்தான் ஒருவர் துரியோதனனாகவோ கர்ணனாகவோ ஆகிறார். "வேடம் கட்டுதல்" என்ற நம் சொல்லே இதற்குச் சான்று.

இனி, வங்காளத்துக்கு வருவோம். இந்நாட்டில் மேடை உடையைக் குறித்துப் புதிதாகச் சிந்தித்தவர்களுள் சாந்திநிகேதனத்தைச் சேர்ந்தோர் முன்னணியில் நிற்பவர். தாகூரின் மருமகள் பிரதிமா தேவி, ஓவியர் நந்தலால் போஸ், சுரேந்திரநாத் கர் ஆகிய மூவரும் அங்கே மேடையேறிய நாடகங்களுக்கும் நாட்டிய நாடகங்களுக்கும் அரங்கையும் உடையையும் அமைப்பதில் பெரும்பங்கு கொண்டனர். அக்கால வணிக நாடகக் கம்பெனிகளின் வெல்வெட்டும் பளபளக்கும் சரிகையும் அங்கே இடம்பெறவில்லை. கைத்தறித் துணியை உடுத்தும் முறையிலும், நிறங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் முறையிலும் அவர்கள் அழகைக் கண்டனர். 1927-இல் தாகூர் ஜாவாத் தீவுக்குச் சென்றபோது சுரேந்திரநாத் கர் உடன் சென்றார். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் கலை அதன்பின் சாந்திநிகேதனத்தில் வேரூன்றி மேடை உடைகளிலும் இடம்பெற்றது.

அவர்கள் சிந்தனை எத்தகையது என்பதற்கு "நடீர் பூஜா" என்ற நாடகம் நல்ல எடுத்துக்காட்டு. 1926-இல் தாகூரின் பிறந்தநாளன்று சாந்திநிகேதனத்தில் முதன்முதலாக நடிக்கப்பட்டது அது. புத்தர் காலத்துக் கதை. மகத நாட்டில் அஜாதசத்துருவின் ஆட்சியில் புத்த வழிபாடு தடை செய்யப்படுகிறது. வழிபாட்டுக்குரிய தூபியின் முன்னேயே ஆட வேண்டும் என்று அரசவை நடனப் பெண் ஸ்ரீமதிக்குக் கட்டளை பிறக்கிறது. அவளை இழிவுபடுத்துவதே அக்கட்டளையின் நோக்கம். அவள் ஆடுகிறாள். ஆடிக்கொண்டே அணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிகிறாள். அரசவை ஆடை நீங்கியதும் உள்ளே துறவியின் எளிய ஆடை தெரிகிறது. ஆட்டமே வழிபாடாக மாறிவிடுகிறது. அதற்காக அவள் உயிரையும் இழக்கிறாள்.

இக்கட்டத்தில் வசனத்தின் வேலையை உடை ஏற்றுக்கொள்கிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஸ்ரீமதி தன் மனமாற்றத்தைப் பேசிக் காட்டுவதில்லை, உடை காட்டுகிறது. அந்த உடையை அமைப்பவர் எத்தனை எண்ணியிருக்க வேண்டும்! மேலாடை ஆட்டத்தின்போது தானாக அவிழ்ந்துவிடக் கூடாது. அவிழ்க்க வேண்டிய நொடியில் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். உள்ளாடையின் நிறம் முன்னதாக வெளியே எட்டிப் பார்த்துவிடக் கூடாது. அணிகள் தரையில் விழும் ஓசை தாளத்தைக் கெடுக்கக் கூடாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் நாடகத்தின் உச்சக் கட்டம் நகைப்புக்கிடமாகிவிடும்.

ஸ்ரீமதியாக ஆடியவர் நந்தலால் போஸின் மகள் கௌரி. அப்போது இளம் மாணவி. 1927 ஜனவரியில் கல்கத்தாவின் ஜோராசாங்கோ தாகூர் மாளிகையில் இந்நாடகம் மீண்டும் நடிக்கப்பட்டபோதும் அவரே ஆடினார். பெண்களே நடித்த இந்நாடகத்தில் உபாலி என்ற துறவி பாத்திரம் புதிதாகச் சேர்க்கப்பட்டு, அதைத் தாகூரே ஏற்றார். மதிப்புமிக்க குடும்பத்துப் பெண் பொதுமேடையில் ஆடுவது அந்நாளில் எளிய செய்தியன்று. உடையின் கண்ணியமும் ஆட்டத்தின் பக்தியும் சேர்ந்து எதிர்ப்பைத் தணித்தன. கௌரி பஞ்ஜா என்று பின்னாளில் அறியப்பெற்ற அவர், கலாபவனத்தில் கைவினைகளைக் கற்பித்தார். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியை அணிசெய்த ஓவியர் குழுவிலும் பங்கு பெற்றார்.

அடுத்து "சித்திராங்கதா". 1892-இல் கவிதை நாடகமாக எழுதியதைத் தாகூர் பின்னர் நாட்டிய நாடகமாக மாற்றினார். 1936 மார்ச்சில் அது கல்கத்தாவின் நியூ எம்பயர் அரங்கில் மேடையேறியது. விசுவபாரதிக்கு நிதி திரட்டும் பொருட்டு அதே குழுவோடு 74 வயதுத் தாகூர் வட இந்தியாவெங்கும் பயணம் செய்தார். மணிப்பூர் அரசன் மகள் சித்திராங்கதா ஆண்பிள்ளை போல் வளர்ந்தவள். வில்லும் வேட்டையும் அறிந்தவள். அருச்சுனனைக் கண்டு மனம் நெகிழ்ந்து, மதனனிடம் அழகை வரமாகப் பெறுகிறாள். ஆனால் அவன் விரும்புவது தன்னையா, இரவல் அழகையா என்ற கேள்வி அவளை வருத்துகிறது. முடிவில் தன் உண்மை உருவோடு அவன் முன் நிற்கிறாள். வேட்டைக் கோலம், வரம் பெற்ற அழகுக் கோலம், இறுதியில் தானாக நிற்கும் கோலம் என மூன்று நிலைகள் இங்கே உள்ளன. மூன்றாவது கோலம் முதலாவதைப் போலவே இருக்க வேண்டுமா? அழகுக் கோலத்திலிருந்து ஏதேனும் ஒன்று அதில் எஞ்சி நிற்க வேண்டுமா? இதற்கு விடை சொல்பவர் தையற்காரராக மட்டும் இருத்தல் இயலாது. கதையைப் படித்து உட்பொருள் கண்டவராக இருத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வேலை அயலானதாகத் தோன்றவில்லை. சொல்லைத் துணியாகப் பெயர்ப்பதும் ஒருவகை மொழிபெயர்ப்பே.

குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த மூன்றாவது நாடகம் "தாஸேர் தேஷ்", அதாவது சீட்டுகளின் நாடு. 1933-இல் கல்கத்தாவில் மேடையேறியது. பின்னர் வந்த பதிப்பைத் தாகூர் சுபாஷ் சந்திர போசுக்கு அர்ப்பணித்தார். அரசகுமாரன் ஒருவனும் அவன் நண்பனான வணிகன் மகனும் ஒரு தீவில் கரையேறுகிறார்கள். அங்கே வாழ்பவர் அனைவரும் விளையாட்டுச் சீட்டுகள்; எழுவதும் அமர்வதும் விதிப்படியே. புதியவர்களின் பாட்டும் துணிவும் பரவப் பரவ, சீட்டுகள் மெல்ல மெல்ல மனிதர்களாகின்றன. கோடை முகாம்களுக்கு ஏற்ற நாடகம் இது. ஆகவே, முகாமின் உடையமைப்பாளர் வேலை செய்யும் முறையை இதைக் கொண்டே விளக்குவோம்.

முப்பது குழந்தைகள், மூன்று வாரப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் உடையமைப்பாளர் துணிக்கடைக்குப் போவதில்லை, நாடகத்தைப் படிக்கிறார். பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒருபுறம் பாத்திரங்களையும் மறுபுறம் காட்சிகளையும் எழுதி, எந்தக் காட்சியில் யார் எந்த உடையில் வருகிறார் என்று குறிக்கிறார். ஒரே குழந்தை இரண்டு வேடம் ஏற்றால், இடையில் உடை மாற்ற எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பது இக்கட்டத்திலிருந்தே புலப்படும். ஒரு நிமிடம்தான் என்றால் பொத்தான் வரிசை ஆகாது. நாடாவோ கொக்கியோ வெல்க்ரோவோ வேண்டும்.

அடுத்தது அளவெடுத்தல். குழந்தையை நிற்க வைத்து எடுத்த அளவு மட்டும் போதாது. கையை உயர்த்தச் சொல்லியும், குனியச் சொல்லியும், தரையில் அமரச் சொல்லியும் பார்க்க வேண்டும். உட்கார்ந்து எழும்போது பின்புறம் கிழியும் உடையில் பெரும்பாலும் தையலைவிட அளவே குற்றவாளி. குழந்தை அடுத்த ஆண்டு வளர்ந்திருக்கும்; ஆகவே ஓரங்களில் மடிப்புத் துணி விட்டுத் தைப்பது சிக்கனம்.

இப்போது சீட்டின் வடிவம். மார்புக்கு ஒன்றும் முதுகுக்கு ஒன்றுமாக இரண்டு விறைத்த பலகைகள் வேண்டும். அட்டையில் செய்தால் மலிவு. ஆனால் வியர்வையில் நனைந்து இரண்டாம் நாளே மடிந்துவிடும். காடாத் துணியைக் கஞ்சியிட்டு விறைக்கச் செய்து, உள்ளே பக்ரம் வைத்துத் தைத்தால் ஒரு வாரம் தாங்கும். தோளில் இரண்டு முடிச்சு, இடுப்பில் இரண்டு முடிச்சு. உள்ளே ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு நிறத்தில் மெல்லிய பருத்திச் சட்டை. சீட்டு மனிதனாகும் நேரத்தில் முடிச்சுகள் அவிழ, விறைத்த பலகைகள் கீழே விழ, முப்பது நிறங்கள் ஒரே சமயத்தில் மேடையில் தோன்றும். ஸ்ரீமதியின் ஆடை கற்பித்த பாடம் இங்கே குழந்தைகளின் கையில் விளையாட்டாகிறது. தன் உடையின் முடிச்சைத் தானே போட்டு அவிழ்த்துப் பழகிய குழந்தைக்கு அந்நாடகத்தின் பொருளை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்தல் புதியவர்கள் செய்யும் பிழை. சிவப்பு ஒளி படும்போது பச்சைத் துணி ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். வெண்துணியோ தன்மேல் விழும் ஒளியின் நிறத்தையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். ஆகையால் மேடை விளக்குகளின் கீழ் ஒரு முழத் துணியைப் பிடித்துப் பார்த்த பிறகே முப்பது பேருக்கு வாங்க வேண்டும். தொலைவும் நினைவில் இருக்க வேண்டும். பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு நுண்ணிய பூவேலை தெரியாது. உடையின் உருவமும் பெரிய கரையும்தான் தெரியும். இவற்றோடு இவ்வூரின் புழுக்கம். மே, ஜூன் மாதங்களில் கொல்கத்தாவின் ஈரக் காற்றில் நைலான், பாலியெஸ்டர் ஆகியவற்றை அணிந்து ஆடும் குழந்தை மயங்கி விழவும் கூடும். சூடேறும் விளக்கின் அருகிலும் அத்தகைய துணி ஆபத்தானது. தீப்பற்றினால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியக்கூடியதே என்றாலும் அவ்வாறு ஒட்டுவதில்லை. எனவே எந்தத் துணியாயினும் விளக்கிலிருந்து விலகியிருத்தல் நன்று.

பொருள்களைத் தேடிப் போகும் உடையமைப்பாளருக்குக் கொல்கத்தாவே ஒரு பள்ளிக்கூடம். பழைய சித்பூர் சாலைக்கு இன்று ரவீந்திர சரணி என்று பெயர். அவ்வொரே சாலையையொட்டி ஜோராசாங்கோ தாகூர் மாளிகை, ஜாத்ரா நாடகக் கம்பெனிகளின் அலுவலகங்கள், வடக்கே குமர்த்துலியில் துர்க்கை உருவங்கள் சமைக்கும் கைவினைஞர் குடியிருப்பு ஆகியவை அமைந்துள்ளன. படாபஜாரின் துணிக்கடைகளும் தொலைவில் இல்லை. வங்காளத்து மணமகன் தலையில் வைக்கும் டோபர் என்னும் வெண்கிரீடமும், துர்க்கையின் வெண்ணிற அணிகளும் சோலா என்ற தக்கையால் ஆனவை. சதுப்பு நீரில் வளரும் செடியின் தண்டிலிருந்து எடுக்கப்படும் இத்தக்கை நமக்குப் புதிதன்று. தஞ்சாவூரில் கோயில் மாதிரிகளும் மாலைகளும் செய்யப் பயன்படும் நெட்டியே அது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குழந்தையின் தலையில் பாரமின்றி நிற்கும் கிரீடத்துக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. பரத முனிவர் சொன்ன இலேசான அணியைக் குமர்த்துலியில் இன்றும் கண்ணாரக் காணலாம்.

இத்தனை வசதி இருந்தும் பல விழாக்களில் நடப்பதென்ன? கடைசி வாரத்தில் வாடகைக் கடைக்கு ஆள் அனுப்புகிறோம். அங்கே "ராஜா உடை" என்று ஒன்று தொங்குகிறது. சிவப்பு வெல்வெட் அங்கி, சரிகை ஓரம், தலைப்பாகையில் ஓர் இறகு. கர்ணனுக்கும் அதுவே, அக்பருக்கும் அதுவே, சேரன் செங்குட்டுவனுக்கும் அதுவே. வெளியூரில் பிறந்து வளரும் தமிழ்க் குழந்தைக்குச் சேர மன்னன் அறிமுகமாவது பெரும்பாலும் இத்தகைய மேடையில்தான். அங்கே அவனை முகலாய அரசவை உடையில் கண்டால், அதுவே ஆயுள் முழுதும் மனத்தில் பதிந்துவிடும். பாடப் புத்தகத்தில் இத்தகைய பிழை அச்சானால் நாம் கண்டித்துக் கடிதம் எழுதுவோம். மேடையில் நிகழ்ந்தால் கைதட்டிவிட்டு வருகிறோம். கோயில் சிற்பங்களும் பழைய ஓவியங்களும் எதை எவ்வாறு உடுத்தினர் என்பதைக் காட்டுகின்றன. ரோஷன் அல்காசி அவற்றை ஆராய்ந்து பழங்கால இந்திய உடைகளைப் பற்றி 1983-இல் நூல் வெளியிட்டார். நாடகங்களுக்கு உடையமைத்த அனுபவம் உடையவர் அவர். சென்னையில் ருக்மிணி தேவி 1935-இல் பரதநாட்டியம் ஆட மேடையேறியபோது உடையையும் புதிதாக ஆராய்ந்து அமைத்தார். அவர் நிறுவிய கலாக்ஷேத்திரத்தில் நெசவுக்கும் இடம் தந்தார். முன்னோர் இவ்வளவு உழைத்துத் தந்ததை வாடகைக் கடையின் ஓர் அங்கிக்குள் மறைத்துவிடுவது முறையா?

கலைஞர்கள் முகாமாகக் கூடிக் கற்பதற்கும் நம் நாட்டில் சிறந்த முன்னோடி உண்டு. இமயமலைச் சாரலில் அல்மோடாவில் உதய் சங்கர் 1930-களின் இறுதியில் தம் பண்பாட்டு மையத்தை நிறுவினார். நெடிய பயிற்சியோடு கோடைக் காலக் குறும்பயிற்சியும் அங்கே நடைபெற்றது. பரதநாட்டியத்துக்குக் கந்தப்பா பிள்ளை, கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு உஸ்தாத் அலாவுதீன் கான் என ஆசிரியர்கள் பல திசைகளிலிருந்தும் வந்தனர். பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பா பிள்ளை தமிழகத்திலிருந்து அவ்வளவு தொலைவு சென்று கற்பித்தார் என்பது வெளிமாநிலத்தில் வாழும் நமக்குப் பெருமை தரும் செய்தி. சில ஆண்டுகளில் அம்மையம் மூடப்பட்டது. எனினும் அங்கே உருவான எண்ணங்கள் "கல்பனா" என்ற திரைப்படமாக 1948-இல் வெளிவந்தன. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவான படம் அது. பழுது பார்க்கப்பட்ட பிரதி 2012-இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அந்த நாட்டியக் குழுவின் உடைகள் எப்படி அசைந்தன என்பதை இன்றும் நாம் காண முடிவது அதனால்தான்.

"நடீர் பூஜா"வுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1932-இல் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் அதையும் படம் பிடித்தது. தாகூரே இயக்கிய அப்படம் முழுமையாக எஞ்சவில்லை. அந்த ஆட்டத்தை முழுமையாக இனி எவரும் அப்படத்தில் காண இயலாது. துணி அழியும் பொருள். வங்காளத்து மழைக்காலம் ஒன்றே போதும், பெட்டியில் கட்டிவைத்த உடையைப் பூஞ்சை பிடிக்கச் செய்ய. ஆகவே உடையமைப்பாளரின் குறிப்பேட்டை நாம் மதிக்க வேண்டும். சாந்திநிகேதனத்தில் நந்தலாலிடம் பயின்ற சத்யஜித் ராய், சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்குப் புத்தகங்களில் தம் படங்களுக்கான உடைகளை வரைந்து வைத்தார். 1969-இல் வந்த "கூப்பி காயேன் பாகா பாயேன்" படத்துக்கு அவர் தீட்டிய உருவங்கள் இன்றும் இளங்கலைஞர்களுக்குப் பாடமாக உள்ளன. முகாமின் உடையமைப்பாளரும் ஒவ்வோர் உடைக்கும் ஒரு படம் வரைந்து, துணியின் சிறு துண்டொன்றை அதனருகில் ஒட்டி, அளவையும் செலவையும் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. உடைகளை நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் இடாமல் பருத்தி உறையிலிட்டு, இடையிடையே உலர்ந்த வேப்பிலை வைத்து, மழைக்காலத்தில் இருமுறையேனும் எடுத்துக் காற்றாட விட வேண்டும்.

இத்தொழிலில் பிழைப்பு உண்டா என்பது பெற்றோரின் நியாயமான கேள்வி. பயில இடங்கள் உள்ளன. கொல்கத்தாவில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் கிளை 1995 முதல் நடந்து வருகிறது. சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தில் துணி வடிவமைப்புக் கற்கலாம். 1959-இல் தொடங்கிய தில்லியின் தேசிய நாடகப் பள்ளியில் அரங்க வடிவமைப்பு ஒரு தனித்துறை. திரைப்படமும் தொலைக்காட்சியும் விளம்பரமும் இத்தகைய கலைஞர்களை நாடுகின்றன. எனினும் நாடகமேடை மட்டுமே செல்வம் சேர்த்துத் தரும் என்று நாம் சொல்லமாட்டோம். தொடக்கக் காலத்தில் வருவாய் குறைவு, உழைப்பு மிகுதி. கோலாப்பூரில் பிறந்த பானு அத்தையா "காந்தி" திரைப்படத்தின் உடையமைப்புக்காக ஜான் மோலோவுடன் சேர்ந்து 1983-இல் ஆஸ்கார் பரிசு பெற்றார். அப்பரிசை வென்ற முதல் இந்தியர் அவரே. 2012-இல் அச்சிலையைப் பாதுகாப்பாக வைத்திருக்குமாறு பரிசளித்த அமைப்புக்கே திருப்பி அனுப்பினார். 2020-இல் காலமானார். இத்துறையில் மிக உயர்ந்த பரிசைப் பெற்றவருக்கும், தாம் பெற்றதைத் தமக்குப் பின் யார் காப்பார் என்ற கவலை இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளிமாநிலங்களில் உள்ள நம் தமிழ்ச் சங்கங்களும் சபைகளும் ஆண்டுதோறும் விழா நடத்துகின்றன. அவற்றை நடத்துவோர் கருத்துக்கு மூன்று செயல்களை முன்வைக்கிறோம். முதலாவது, உடையமைப்பாளரை ஒத்திகையின் முதல் நாளே அழைத்தல். நாடகம் உருவாகும்போது உடனிருப்பவரே அதற்குப் பொருந்தும் உடையை உருவாக்குவார். இரண்டாவது, வாடகைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியையேனும் துணிக்கும் கைக்கூலிக்கும் ஒதுக்குதல். வாடகைப் பணம் ஒரே மாலையில் கரைந்துவிடும். தைத்த உடை சபையின் உடைமையாகப் பல ஆண்டுகள் நிற்கும். மூன்றாவது, செலவே இல்லாதது. நிகழ்ச்சி நிரலில் ஆடியவர் பெயர், பாடியவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், மாலை அளித்தவர் பெயர் எல்லாம் அச்சாகின்றன. உடையமைத்தவர் பெயரையும் அவற்றோடு அச்சிடலாம்.

கடைசியாகக் கூறியது சிறு செயல்போல் தோன்றலாம். ஆனால் இருபது வயது இளைஞர் ஒருவர், அச்சில் வந்த தம் பெயரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரிடம் காட்டும்போது, அவர் செய்வது ஒரு தொழில் என்று அவ்வீடு முதன்முறையாக ஏற்கிறது. அந்த ஏற்பு கிடைக்காமல் பாதி வழியில் இப்பணியை விட்டுச் சென்றவர் பலர். அவர்கள் அமைத்திருக்கக்கூடிய உடைகளில் சேரனும் கண்ணகியும் சித்திராங்கதாவும் நம் குழந்தைகளுக்கு இன்னும் மெய்யாகக் காட்சியளித்திருப்பார்கள். அடுத்த கோடையில் உங்கள் ஊர் முகாமில் நாடகம் பார்க்க நேர்ந்தால், நேயர்களே, திரை விழுந்ததும் மேடைக்குப் பின்புறம் சென்று, உடை மடித்துக்கொண்டிருக்கும் அந்த இளங்கலைஞரின் பெயரைக் கேட்டறியுங்கள்.